ஸ்போர்ட் பைலட் செக்ரைடு அடுத்த மாதம்: எப்படித் தயாராவது?

ஈரோட்டுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். டல்லாஸுக்கு வடக்கே, கட்டுப்பாட்டு டவர் இல்லாத ஒரு சின்ன விமான நிலையத்தில் சிடிஎல்எஸ் என்ற இரண்டு இருக்கைச் சிறு விமானத்தில் ஸ்போர்ட் பைலட் (சிறு விமானங்களுக்கான எளிய உரிமம்) பயிற்சி எடுத்து வருகிறேன். எழுத்துத் தேர்வு முடிந்தது, சோலோ க்ராஸ்கன்ட்ரியும் (தனியாக வேறு ஊர்களுக்குப் பறந்து வருவது) முடிந்தது. இன்ஸ்ட்ரக்டர் ஒரு டிபிஇயிடம் (அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏ நியமித்த எக்ஸாமினர்) பேசி, செக்ரைடு என்ற உரிமத் தேர்வுக்கு அடுத்த மாதத்துக்குத் தேதி வாங்கிக் கொடுத்திருக்கிறார். பறப்பதில் ஓரளவு நம்பிக்கை இருக்கிறது, ஆனால் அந்த வாய்மொழித் தேர்வை நினைத்தால்தான் கலக்கம். எவ்வளவு ஆழமாகக் கேட்பார்கள்? விதி எண்களையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா? அன்றைக்குக் காற்று பலமாக இருந்தால் என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிப்பேன்.

ரன்வே17

வாழ்த்துகள். முதலில் லாக்புக்கை (பறந்த நேரங்களின் பதிவேடு) எடுத்து மேசையில் வையுங்கள். பறப்பதற்கு முன்பே, காகிதத்திலேயே தேர்வு நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைந்தது 20 மணி நேரம், அதில் 15 இன்ஸ்ட்ரக்டரோடு, 5 தனியாக. இது எல்லோருக்கும் தெரியும். சிக்கல் வருவது சோலோ க்ராஸ்கன்ட்ரியில்: மொத்தம் 75 நாட்டிக்கல் மைல், இரண்டு இடங்களில் முழுதாக இறங்கி நின்றிருக்க வேண்டும், ஒரு பகுதியாவது நேர்கோட்டில் 25 நாட்டிக்கல் மைல் இருக்க வேண்டும். டேப்லெட் செயலி காட்டும் பாதை வளைந்து போயிருந்தால் கூடுதல் தூரம் காட்டும். சார்ட்டில் ப்ளாட்டர் வைத்து அளந்து பாருங்கள், 24 வந்தால் வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள்.

இன்னொன்று, தேர்வுக்காகவே எடுக்கும் பயிற்சி நேரம் தேர்வு மாதத்துக்கு முந்தைய இரண்டு காலண்டர் மாதங்களுக்குள் இருக்க வேண்டும். வானிலையால் தேதி தள்ளிப்போனால் இதை மறுபடி சரிபாருங்கள்.

எழுத்துத் தேர்வு அறிக்கை 24 காலண்டர் மாதம் செல்லும். அதில் நீங்கள் தவறவிட்ட பகுதிகளைத் திரும்பச் சொல்லிக் கொடுத்ததாக இன்ஸ்ட்ரக்டரின் எண்டார்ஸ்மென்ட்டும் (கையெழுத்திட்ட ஒப்புதல்) வேண்டும். பலர் இதைக் கடைசி நாளில்தான் தேடுகிறார்கள்.

பருந்து

நான் பயிற்சி கொடுப்பவன். ரன்வே17 சொன்னது எல்லாமே சரி, அதை இந்த வாரமே முடித்துவிடுங்கள் தம்பி. நான் வேறு ஒரு விஷயத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மாணவர்கள் பெரும்பாலும் தயாராகாமல் போவது இதில்தான்.

விதி 61.47 படியுங்கள். முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் ஒழிய, தேர்வின்போது எக்ஸாமினர் அந்த விமானத்தின் பைலட் இன் கமாண்ட் இல்லை. அந்தப் பொறுப்பு உங்களுடையது. நாம் மாதக்கணக்கில் பக்கத்தில் ஒரு இன்ஸ்ட்ரக்டரை வைத்துக்கொண்டு பறந்து பழகியதால், வலது பக்கம் யார் உட்கார்ந்தாலும் அவர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம் உடம்பிலேயே ஊறிப் போயிருக்கும். ஒவ்வொரு மனூவருக்கும் (செய்துகாட்ட வேண்டிய பறக்கும் பயிற்சி) முன்னால் மாணவர் திரும்பி எக்ஸாமினர் முகத்தைப் பார்க்கிறார், "இப்போது திரும்பட்டுமா" என்று கேட்கிறார். அவர் ஏன் பதில் சொல்ல வேண்டும்? அங்கே கேப்டன் நீங்கள். "இடதுபக்கம் பார்த்தேன், வலதுபக்கம் பார்த்தேன், விமானம் எதுவும் இல்லை, இடதுபக்கம் திரும்புகிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். கடைசிச் சில பயிற்சிகளில் இன்ஸ்ட்ரக்டரை வாயே திறக்காமல் உட்காரச் சொல்லுங்கள். முதல் தடவை அந்த மௌனம் பெரிய தொந்தரவாக இருக்கும், அதுதான் பழக வேண்டியது.

இரண்டாவது, ப்ராக்டிகல் டெஸ்ட் ஸ்டாண்டர்ட்ஸ், பிடிஎஸ், அதாவது தேர்வில் எதை எந்த அளவில் பார்ப்பார்கள் என்று சொல்லும் கையேடு. எஃப்ஏஏ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், இப்போதைய பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். எக்ஸாமினர் தன் இஷ்டத்துக்கு எதையும் புதிதாகக் கண்டுபிடித்துக் கேட்க முடியாது, எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. உயரம் கூடக் குறைய 100 அடி, வேகம் கூடக் குறைய 10 நாட் என்ற அளவுகள் அதில் வரும். இதைப் பார்த்துப் பயந்து, 110 அடி போனதும் தோற்றுவிட்டோம் என்று மனதுக்குள் முடிவுகட்டி அடுத்த நான்கு மனூவர்களையும் கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பிடிஎஸ் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள்: தோல்வி என்பது அளவைத் தொடர்ந்து மீறுவது, அல்லது மீறியபிறகு உடனே திருத்தாமல் விடுவது. 120 அடி இறங்கியதைக் கவனித்து, "உயரம் குறைந்துவிட்டது, திருத்துகிறேன்" என்று மேலே கொண்டு வந்தால் நீங்கள் தேர்வில் இன்னும் இருக்கிறீர்கள். ஆனால் திரும்புவதற்கு முன் சுற்றிலும் பார்க்காமல் விட்டால், அல்லது எக்ஸாமினர் தானே ஸ்டிக்கைப் பிடிக்க வேண்டி வந்தால், அங்கே மன்னிப்பு கிடையாது.

கட்டுப்பாட்டைக் கைமாற்றும் முறையும் அப்படித்தான். "உங்கள் கட்டுப்பாடு", "என் கட்டுப்பாடு", மறுபடி "உங்கள் கட்டுப்பாடு" என்ற மூன்று படியை ஆங்கிலத்தில் அப்படியே சொல்லிப் பழகுங்கள். சிறப்புக் கவனம் என்று பிடிஎஸ் முன்பக்கத்தில் தனியாகக் கொடுத்திருக்கும் பகுதியில் இது முதலிலேயே வரும்.

மனப்பாடம் பற்றிக் கேட்டீர்கள். விதி எண்கள் தேவையில்லை. எதை எங்கே தேடுவது என்று தெரிந்தால் போதும், புத்தகத்தில் டேப் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

நீலவான்

அண்ணா, கடைசி வரியோடு மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. நான் சமீபத்தில்தான் தேர்வு எழுதி முடித்தேன். எதற்கெடுத்தாலும் புத்தகத்தைத் திறந்தால் எக்ஸாமினரின் நம்பிக்கை குறைந்துகொண்டே போகும், அதை முகத்திலேயே பார்க்கலாம். சில விஷயங்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். ஸ்போர்ட் பைலட்டுக்கு 3 ஸ்டாட்யூட் மைல் பார்வைத் தூரம், தரை கண்ணுக்குத் தெரிய வேண்டும், கடல்மட்டத்திலிருந்து 10,000 அடி அல்லது தரையிலிருந்து 2,000 அடி, எது அதிகமோ அதற்குக் கீழே. ஒரே ஒரு பயணி. பகலில் 30 நிமிடம் உபரி எரிபொருள். உங்கள் விமானத்தின் ஸ்டால் வேகங்கள் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம்), பெஸ்ட் க்ளைடு (என்ஜின் இல்லாமல் அதிக தூரம் மிதந்து போகும் வேகம்), மனூவரிங் வேகம், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் தகடு) வேகம். இவை எல்லாம் மனப்பாடம்தான், வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை. என்ஜின் நின்றுபோன நேரத்தில் பெஸ்ட் க்ளைடு வேகத்தை யாரும் புத்தகத்தில் தேட முடியாது.

அப்புறம், கேள்விகள் தனித்தனியாக வராது, ஒரு கதையாக வரும். என்னிடம் "நாளை உன் நண்பரோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகிறாய்" என்று ஆரம்பித்து, அந்த ஒரு பயணத்திலேயே வானிலை, வான்பரப்பு, எடை, எரிபொருள், நண்பருக்கு வாந்தி வந்தால் என்ன செய்வாய் என்பது வரை எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். டல்லாஸ் பக்கம் என்றால் க்ளாஸ் பி (பெரிய விமான நிலையத்தைச் சுற்றிய கட்டுப்பாட்டு வான்பரப்பு) பற்றி விரிவாகக் கேட்பார்கள். 30 மைல் வளையத்துக்குள் ட்ரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குப் பதில் அனுப்பும் கருவி) ஏன் வேண்டும், ஏடிஎஸ்-பி (விமானத்தின் இருப்பிடத்தை ஒலிபரப்பும் கருவி) ஏன் வேண்டும், அந்த வளையத்துக்குள் பறப்பதும் க்ளாஸ் பிக்குள் நுழைவதும் ஏன் ஒன்றல்ல என்பதைச் சார்ட்டில் விரல் வைத்துக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் க்ரீன் கார்டா? அப்படியென்றால் டிஎஸ்ஏ (போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு) அனுமதிக் காகிதத்தை மறக்காமல் ஃபைலில் வையுங்கள். குடிமக்கள் அல்லாதவர்கள் ஸ்போர்ட் பைலட் பயிற்சிக்கும் அந்தப் பாதுகாப்புச் சோதனையை முடித்திருக்க வேண்டும், க்ரீன் கார்டு இருந்தாலும் விலக்கு இல்லை.

பருந்து

வேக எண்களும் ஸ்போர்ட் பைலட் வரம்புகளும் மனதில் இருக்க வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்னது 91.413 போன்ற எண்களை. ட்ரான்ஸ்பாண்டரை 24 காலண்டர் மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும், அது எந்த விதி என்று ஒப்பிக்க வேண்டாம்.

ஈரோட்டுக்காரன்

க்ரீன் கார்டுதான், டிஎஸ்ஏ கடிதம் பத்திரமாக இருக்கிறது, நன்றி அக்கா. இன்னொரு சந்தேகம். எக்ஸாமினர் நல்ல உயரம், கனமான ஆள் என்று கேள்விப்பட்டேன். அவரிடம் எடை கேட்பது மரியாதைக் குறைவாக இருக்காதா?

காற்றுமுள்

கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் நீங்களாக 170 பவுண்டு என்று எழுதிக்கொண்டு போனால்தான் தவறு. போனில் தேதியை உறுதிசெய்யும்போதே "எடைக் கணக்குக்காக உங்கள் எடையும் பையின் எடையும் வேண்டும்" என்று கேளுங்கள், எந்த எக்ஸாமினரும் கோபப்பட மாட்டார்.

சிடிஎல்எஸ்ஸின் அதிகபட்ச எடை 1,320 பவுண்டு. கணக்குக்காக வெற்று எடை 800 என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் விமானத்தின் உண்மையான எண்ணை அதன் எடைத் தாளில் பாருங்கள், ஒரே மாடலிலும் விமானத்துக்கு விமானம் மாறும்). நீங்கள் 185, அவர் 220, பைகள் 10. மொத்தம் 1,215. மிச்சம் 105 பவுண்டு. பெட்ரோல் காலனுக்கு 6 பவுண்டு, ஆக 17.5 காலன்தான் ஏற்ற முடியும், டாங்க்கில் அதைவிட அதிகம் பிடிக்கும். ரோட்டாக்ஸ் என்ஜின் மணிக்குச் சுமார் 5 காலன் குடிக்கும், எனவே 17 காலனில் தேர்வு தாராளமாக முடியும். ஆனால் முந்தின நாள் யாராவது அன்போடு டாங்க்கை நிரப்பி வைத்துவிட்டால் நீங்கள் எடை வரம்பைத் தாண்டிவிடுவீர்கள், இறக்கவும் நேரம் இருக்காது. விமானத்தை வாடகைக்குக் கொடுக்கிறவர்களிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

டென்சிட்டி ஆல்டிட்யூடையும் (வெப்பத்தால் காற்று மெலியும்போது விமானம் உணரும் உயரம்) விட்டுவிடாதீர்கள். டெக்ஸஸ் கோடையில் பிரஷர் ஆல்டிட்யூட் (காற்றழுத்தப்படியான உயரம்) 700 அடி, வெப்பநிலை 37 டிகிரி என்றால், அந்த உயரத்தில் ஸ்டாண்டர்ட் வெப்பநிலை 13.6. வித்தியாசம் 23.4, அதை 120ஆல் பெருக்கினால் 2,808. ஆக விமானம் 3,500 அடி உயரத்தில் இருப்பதுபோலத்தான் நடந்துகொள்ளும். ஓடுதூரம் கூடும், ஏறும் வேகம் குறையும். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக்கொண்டு போனால், "இன்று கிளம்பலாமா" என்ற கேள்விக்குப் பதில் உங்கள் கையில் இருக்கும்.

ரன்வே17

சிடிஎல்எஸ் என்றால் என்ஜின் பற்றிக் கண்டிப்பாகக் கேட்பார்கள். ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ், 100 குதிரைத் திறன், சிலிண்டர் தலைக்குத் திரவக் குளிர்ச்சி, சிலிண்டருக்குக் காற்றுக் குளிர்ச்சி, 2.43க்கு 1 கியர்பாக்ஸ். 5,800 ஆர்பிஎம் 5 நிமிடம் மட்டும், தொடர்ந்து ஓட்ட 5,500. ஆயில் பார்ப்பதற்கு முன் இக்னிஷன் அணைந்திருக்கிறதா என்று உறுதிசெய்துவிட்டு, ப்ரொபெல்லரை ஓடும் திசையிலேயே கையால் சுற்றி அந்தக் குடுகுடுச் சத்தம் வந்தபிறகுதான் அளவுகோலை எடுக்க வேண்டும். ஏன் என்று கேட்பார்: ஆயில் முழுவதும் டாங்க்குக்குத் திரும்பினால்தான் சரியான அளவு தெரியும். எதிர்த்திசையில் சுற்றக்கூடாது. 100எல்எல் பெட்ரோலையே பெரும்பாலும் போட்டால் ஆயிலை 25 மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஈயத்தால்.

விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட் பற்றிய விளக்கத்தையும் மறக்க வேண்டாம். கிளம்புவதற்கு முன் பாதுகாப்புப் பின்னை எடுத்துவிட்டீர்களா, எந்தச் சூழ்நிலையில் இழுப்பது, இழுப்பதற்கு முன் என்ன செய்வது, எல்லாவற்றையும் எக்ஸாமினரை முதல் தடவை விமானம் ஏறும் ஒரு பயணியாக நினைத்து விளக்குங்கள்.

மதுரை_டு_மில்வாக்கி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடுபடுவதற்கு நேராக ப்ரைவேட் பைலட்டே வாங்கிவிடலாமே? ஸ்போர்ட் என்றால் இரவில் பறக்க முடியாது, பெரிய விமானமும் ஓட்ட முடியாது.

பருந்து

அது பழைய நிலைமை. 2004இல் ஸ்போர்ட் பைலட் வந்தபோது இருந்த 1,320 பவுண்டு வரம்பு, அதாவது 600 கிலோ, இப்போது பைலட்டின் உரிமைக்குப் பொருந்தாது. மொசைக் என்ற புதிய விதியை 2025 ஜூலையில் ஆஷ்காஷ் விமானக் கண்காட்சியில் அறிவித்தார்கள், பைலட்டுகளுக்கான பகுதி 2025 அக்டோபர் 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்போது பார்ப்பது எடையை அல்ல, ஃபிளாப் இறக்காத நிலையில் ஸ்டால் வேகம் 59 நாட்டுக்குள் இருக்கிறதா என்பதை. நான்கு இருக்கை வரை அனுமதி, ஆனால் பயணி ஒருவர்தான். அதனால் செஸ்னா 172 மாடல்களில் பலவற்றையும் ஸ்போர்ட் பைலட் ஓட்டலாம். இரவுப் பறப்பும் கூடுதல் பயிற்சி, எண்டார்ஸ்மென்ட், பேசிக்மெட் (எளிமையான மருத்துவத் தகுதி) அல்லது மெடிக்கல் (எஃப்ஏஏ மருத்துவச் சான்றிதழ்) இருந்தால் முடியும்.

ப்ரைவேட் வேண்டுமென்றால் பிறகு போகலாம், இந்த மணி நேரங்கள் வீணாகாது. ஸ்போர்ட் இன்ஸ்ட்ரக்டரிடம் எடுத்த பயிற்சியும் 2018 முதல் கணக்கில் சேர்கிறது. தம்பி இப்போது தேர்வின் வாசலில் நிற்கிறார், அவரைத் திசைதிருப்ப வேண்டாம்.

கொங்குவிமானி

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, மாத்திரைதான். ஸ்போர்ட் பைலட்டுக்கு மெடிக்கல் இல்லாமல் ட்ரைவிங் லைசென்ஸே போதும் என்கிறார்களே, அது உண்மையா?

பருந்து

உண்மைதான், ஒரு பெரிய நிபந்தனையோடு. இதற்கு முன் எஃப்ஏஏ மெடிக்கலுக்கு விண்ணப்பித்து, கடைசி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தால் ட்ரைவிங் லைசென்ஸை வைத்துப் பறக்க முடியாது. அதனால் சந்தேகம் இருப்பவர்கள் "சும்மா போட்டுப் பார்ப்போம்" என்று மெடிக்கல் விண்ணப்பம் போடாதீர்கள். முதலில் உங்கள் டாக்டரிடமும், விமான மருத்துவர் ஒருவரிடம் விண்ணப்பம் இல்லாமல் ஆலோசனையாக மட்டும் பேசுங்கள். லைசென்ஸ் இருந்தாலும், உடம்பு சரியில்லை என்று உங்களுக்கே தெரிந்தால் அன்று பறக்கக் கூடாது என்பதும் விதிதான். லைசென்ஸில் கண்ணாடி கட்டாயம் என்று இருந்தால் விமானத்திலும் கட்டாயம்.

நீலவான்

பறக்கும் பகுதி பற்றி யாரும் அதிகம் சொல்லவில்லை, அதனால் நானே சொல்கிறேன். ஸ்டாலும் ஸ்டீப் டர்னும்தான் எல்லோரையும் பயமுறுத்தும், ஆனால் என் கண்ணில் உண்மையான சோதனை தரையைப் பார்த்துச் செய்யும் மனூவர்களும் தரையிறக்கமும்தான். 600 அடியிலிருந்து 1,000 அடிக்குள் ஒரு புள்ளியைச் சுற்றிவரும்போது, வட டெக்ஸஸ் தெற்குக் காற்றில் சாய்வை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காற்று பின்னாலிருந்து வரும்போது சாய்வு அதிகம், எதிரே வரும்போது குறைவு. ஒரே சாய்வில் சுற்றினால் வட்டம் நகர்ந்து பக்கத்து வயலுக்குப் போய்விடும். காற்று இல்லாத காலையிலேயே பயிற்சி செய்தவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். பிற்பகலில் போய்ப் பழகுங்கள்.

என்ஜின் நின்றதாகச் செய்யும் பயிற்சியில் முதலில் வேகம், பிறகு இடம், அதற்குப் பிறகுதான் காரணம் தேடுவது. கை தானாகப் பெட்ரோல் வால்வுக்குப் போகும், அதற்குள் வேகம் குறைந்துவிடும். தேர்ந்தெடுத்த வயலை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். மின்கம்பி எங்கே இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஃபார்வர்டு ஸ்லிப் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, வேகம் கூடாமல் உயரத்தைக் குறைப்பது) கேட்பார். சிடிஎல்எஸ் மிதந்துகொண்டே போகும் விமானம், ஃபைனலில் (ரன்வேக்கு நேராக இறங்கும் கடைசிப் பகுதி) உயரம் கூடிவிட்டால் சீக்கிரம் இறங்காது. உங்கள் கையேட்டில் ஸ்லிப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் போங்கள். அதைவிட முக்கியம், ரன்வேயை நெருங்குவது கெட்டுவிட்டால் கோ-அரவுண்ட் எடுங்கள், அதாவது இறங்காமல் மறுபடி மேலேறுங்கள். எக்ஸாமினர் சொல்வதற்கு முன் நீங்களே எடுத்தால் அது உங்களுக்குச் சாதகம்.

பாதியில் வேறு விமான நிலையத்துக்குத் திரும்பச் சொல்லும் சோதனையில் ஜிபிஎஸ் திரையை அணைத்துவிடுவார் என்று வைத்துக்கொண்டே பழகுங்கள். உங்கள் பகுதியில் ரெட் ரிவர், டெக்சோமா ஏரி, ஐ-35, யு.எஸ். நெடுஞ்சாலை 75 எல்லாம் மேலிருந்து தெளிவாகத் தெரியும், வேறென்ன வேண்டும்.

ஈரோட்டுக்காரன்

அருமையான தகவல்கள். காற்று பற்றிய கேள்வி மட்டும் பாக்கி. எங்கள் ரன்வே 17, அதாவது 170 டிகிரி திசை. தேர்வு நாளில் 200 திசையிலிருந்து 14 நாட், கஸ்ட் (திடீர் வீச்சு) 20 என்று மெட்டார் (விமான நிலைய வானிலை அறிக்கை) வந்தால் போகலாமா? வேண்டாம் என்றால் எக்ஸாமினர் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று நினைக்க மாட்டாரா? கட்டணமும் வேலைக்குப் போட்ட விடுப்பும் போய்விடுமே.

காற்றுமுள்

கணக்கு எளிது. 30 டிகிரி வித்தியாசம், பாதி க்ராஸ்விண்ட் (பக்கவாட்டுக் காற்று). 14க்கு 7, கஸ்ட்டில் 10. விமானம் இதைத் தாங்கும். கேள்வி, நீங்கள் இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் 10 நாட் க்ராஸ்விண்டில் தரையிறங்கியிருக்கிறீர்களா என்பதுதான். சோலோ எண்டார்ஸ்மென்ட்டில் உங்கள் காற்று வரம்பு என்ன என்று எழுதியிருக்குமே, அதைப் பாருங்கள்.

பருந்து

தம்பி, நான் முதலில் சொன்ன விஷயம் இங்கேதான் நடைமுறைக்கு வருகிறது. கிளம்புவதா வேண்டாமா என்ற முடிவு உங்களுடையது, எக்ஸாமினர் அதைத்தான் பார்க்கிறார். எழுதிவைத்த சொந்த வரம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள், "க்ராஸ்விண்ட் 8க்கு மேல் என்றால் இன்று பறக்க மாட்டேன்" என்று மேசையிலேயே சொல்லுங்கள். அப்படிச் சொன்ன மாணவரை மோசமாக நினைத்த எக்ஸாமினரை நான் பார்த்ததில்லை. வரம்பு மீறிய காற்றில் தயங்கிக்கொண்டே ஏறி, பேஸில் (ஃபைனலுக்குத் திரும்புவதற்கு முந்தைய பகுதி) திணறியவர்களைத்தான் தோல்வி என்று எழுதினார்கள்.

வாய்மொழித் தேர்வை முடித்துவிட்டுப் பறப்பதை மட்டும் தள்ளிவைக்கலாம். டிஸ்கன்டினியூவன்ஸ் கடிதம் என்று ஒன்று கொடுப்பார், அது தோல்வி அல்ல. தேறிய பகுதிகளுக்கு 60 நாட்களுக்குள் திரும்ப வந்தால் மதிப்பு உண்டு. உண்மையில் தோற்றாலும் இதே 60 நாள்தான், தேறாத பகுதிகளை இன்ஸ்ட்ரக்டரோடு மறுபடி பயின்று அவர் கையெழுத்தோடு போக வேண்டும். பறந்துகொண்டிருக்கும்போது ஒரு பகுதியில் தோற்றுவிட்டீர்கள் என்று சொன்னால், மீதியைத் தொடரலாமா என்று உங்களிடம் கேட்பார். மனம் நிலையாக இருந்தால் தொடருங்கள், அடுத்த தடவைக்கு வேலை குறையும். தள்ளிவைத்தால் கட்டணம் என்ன ஆகும் என்பது எக்ஸாமினருக்கு எக்ஸாமினர் மாறும், போனிலேயே கேட்டுவிடுங்கள்.

ஈரோட்டுக்காரன்

சரி அண்ணா, எண்ணை எழுதிவைத்துக்கொள்கிறேன். தேறினால் அன்றைக்கே மனைவியைக் கூட்டிக்கொண்டு பறக்கலாமா? அவர் வாடகையில் பங்கு தரலாமா?

ரன்வே17

தேறியதும் எக்ஸாமினர் தற்காலிகச் சான்றிதழ் கொடுப்பார், 120 நாள் செல்லும், அதற்குள் அட்டை தபாலில் வந்துவிடும். பயணியை ஏற்றிச் செல்லலாம், ஆனால் கடைசி 90 நாட்களில் மூன்று தடவை மேலேறி இறங்கியிருக்க வேண்டும். நீங்கள் டவர் இல்லாத இடத்தில் பயின்றதால் ஒன்றைக் கவனியுங்கள்: க்ளாஸ் பி, சி, டி வான்பரப்புக்கு அதற்கான பயிற்சியும் தனி எண்டார்ஸ்மென்ட்டும் இல்லாமல் போகக்கூடாது. டெண்டன், மெக்கின்னி இரண்டிலுமே டவர் உண்டு, உங்களுக்கு அருகில் சாப்பிடப் போகும் இடங்கள் அவைதானே. செலவில் பெட்ரோல், ஆயில், விமான நிலையக் கட்டணம், வாடகை இவற்றை மட்டும் பகிரலாம், பாதிக்குக் குறையாமல் நீங்கள் தர வேண்டும்.